மஞ்சள் கடுதாசி கொடுத்தால் சிபில் என்ன ஆகும்?

கேட்டிருக்கும் தம்பி கடலூர் கூத்தப்பாக்கத்துக்காரர். முதுநகரில் மொபைல் கடை வைத்திருந்தார், போன வருடம் மூடிவிட்டார். இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், கைக்கு 28,000 வருகிறது. மனைவி தையலில் 6,000 வரை பார்க்கிறார். கடன் பட்டியலை அவரே கொடுத்திருக்கிறார்: வீட்டுக் கடன் பாக்கி 9 லட்சம், பர்சனல் லோன் 4.8 லட்சம், இரண்டு கிரெடிட் கார்டில் 1.7 லட்சம், கடைக்காக ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் மச்சானை ஜாமீன் போட்டு வாங்கியது 3.5 லட்சம், நகைக் கடன் 1.1 லட்சம், தண்டல்காரரிடம் 1.2 லட்சம். கூட்டினால் 21.3 லட்சம். பெண் பிளஸ் டூ படிக்கிறாள். கேள்வி மூன்று: ஐ.பி., அதாவது மஞ்சள் கடுதாசி, கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா, சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்பதற்கான மதிப்பெண்) எத்தனை வருடம் கெட்டுக் கிடக்கும், பெண்ணுக்குப் படிப்புக் கடன் கிடைக்குமா.

நான் வங்கியில் 31 வருடம் இருந்தவன். கடைசி எட்டு வருடம் வாராக்கடன் பிரிவில். அதாவது உங்களுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். வக்கீல் இல்லை, ஆனால் ஐ.பி. மனுக்களில் வங்கிக்காகக் கோர்ட்டுக்குப் போய் வந்த பழக்கம் உண்டு. அந்த அளவில் சொல்கிறேன்.

தம்பி, உங்களுக்கு ஐ.பி. வேண்டாம். கொடுத்தால் வீடு போகும், மச்சான் மாட்டுவார், சிபில் ஒரு புள்ளிகூட ஏறாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

நம் ஊரில் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் கையை விரித்துவிட்டார், இனி யாரும் அவரை ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஏன் மஞ்சள் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள், அது கிடக்கட்டும். சட்டத்தில் அதற்குப் பெயர் நொடிப்பு மனு. ஆங்கிலத்தில் இன்சால்வென்சி பெட்டிஷன், அதன் சுருக்கம்தான் ஐ.பி. சென்னை நகரத்துக்கு 1909-ஆம் வருடச் சட்டம். கடலூர் போன்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் வருட மாகாண நொடிப்புச் சட்டம். 2016-இல் புது திவால் சட்டம் வந்ததே என்பீர்கள். வந்தது. ஆனால் அதில் தனிமனிதர்களுக்கான பகுதி இதை எழுதும் வரை சாதாரண ஆட்களுக்கு நடைமுறைக்கு வரவில்லை. கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000-க்கு மேல் போகாத, 35,000-க்குள் கடன் உள்ள ஏழைகளுக்குக் கடனையே தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்க வைக்கும் ஏற்பாடு ஒன்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் ஏட்டோடு நிற்கிறது. ஆக, கடலூரில் மொபைல் கடை நொடித்தவருக்கு இன்றைக்கும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான்.

பழைய சட்டம் என்பது அதில் உள்ள தொகைகளைப் பார்த்தாலே தெரியும். 500 ரூபாய் கடன் இருந்து கட்ட முடியாவிட்டால் மனு போடலாம். நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்த பிறகு, பழைய கடன்களிலிருந்து விடுவிக்கும் விடுதலை உத்தரவை வாங்குவதற்கு முன்னால், அந்த நிலைமையைச் சொல்லாமல் ஒருவரிடம் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. ஐம்பது ரூபாய், தம்பி! இன்றைக்கு மஞ்சக்குப்பத்தில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டு அக்கவுண்டில் எழுதச் சொன்னாலே அதைத் தாண்டிவிடும்.

மனுவை மாவட்ட நீதிமன்றத்திலோ, அதற்கான அதிகாரம் தரப்பட்ட சார்பு நீதிமன்றத்திலோ போட வேண்டும். மனு போட்ட அன்றைக்கே எல்லாம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் போய், விசாரணை நடந்து, "இவர் நொடித்தவர்" என்று கோர்ட் உத்தரவு போட்டால்தான், அதன் பிறகு கோர்ட் அனுமதியில்லாமல் புது வழக்குப் போட முடியாது. கைது செய்யாமலிருக்கப் பாதுகாப்பு உத்தரவும் அதற்குப் பிறகு தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதுதான். அந்த அறிவிப்பு அரசிதழில் பெயர், விலாசத்தோடு வரும்.

அதே உத்தரவோடு இன்னொன்றும் நடக்கிறது. உங்கள் சொத்து முழுவதும் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போய்விடும். அவர் விற்று, கடன்காரர்களுக்குப் பங்கு வைப்பார். வீட்டை விற்றால் 26 லட்சம் போகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடன் மொத்தம் 21.3 லட்சம். அப்புறம் நீங்கள் எப்படி நொடித்தவர்? எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே இந்தக் கேள்வியைக் கேட்பார். கோர்ட் மனுவைத் தள்ளினால் செலவு வீண். ஏற்றுக்கொண்டால் வீடு ரிசீவரிடம். வீட்டுக் கடன் கொடுத்த வங்கிக்கு அடமானம் இருப்பதால், ஐ.பி. அதன் கையைக் கட்டாது. அது தன் பாட்டுக்கு, வழக்குப் போடாமலே அடமானத்தை எடுக்க வங்கிக்கு வழி தரும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். எப்படிப் பார்த்தாலும் வீடு உங்கள் கையால், உங்கள் விலைக்கு விற்கப்படப் போவதில்லை.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த காலம். ஒரு முந்திரி வியாபாரி, கொட்டை வாங்க எங்கள் வங்கியிலும் வெளியிலும் கடன் வாங்கியிருந்தவர், ஒன்றரை வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு ஐ.பி. போட்டார். நல்ல மனிதர், ஏமாற்றும் எண்ணம் இல்லை. கோர்ட்டில் அவர் மனுவோடு கொடுத்த சொத்துப் பட்டியலை நான் வாங்கிப் படித்தேன். "ஸ்டீல் பீரோ 1, டேபிள் ஃபேன் 2, பித்தளை அண்டா 3, டி.வி.எஸ். ஐம்பது 1, தராசு 1." தராசுக்கு எதிரே மதிப்பு 400 ரூபாய் என்று பேனாவில் எழுதி, அடித்து, 250 என்று திருத்தியிருந்தது. அந்தத் திருத்தத்தில் அவருடைய சின்னக் கையெழுத்து.

பட்டியலில் இல்லாதது ஒரு மனைக்கட்டு. மனு போடுவதற்குப் பதினொரு மாதம் முன்னால் மனைவி பெயருக்குத் தானமாக எழுதிவிட்டார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நொடிப்பு மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் இப்படிப் பணம் வாங்காமல் மாற்றிய சொத்தைச் செல்லாது என்று ரத்துசெய்யக் கேட்கும் அதிகாரம் ரிசீவருக்கு உண்டு. கேட்டார், ரத்தானது. மனை ஏலம் போனது. வியாபாரியின் பேச்சுக்குக் கோர்ட்டில் இருந்த மதிப்பும் அதோடு போனது. வேண்டிய ஒரு கடன்காரருக்கு மட்டும் ரகசியமாகக் கட்டிவிட்டு மற்றவர்களை விடுவதும் இதே மாதிரிதான், மூன்று மாதக் கணக்கில் பார்ப்பார்கள்.

அதைவிடப் பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. அவருக்கு ஜாமீன் போட்டிருந்தவர் மனைவியின் தம்பி, பள்ளி ஆசிரியர். "அக்கா வீட்டுக்காரர் ஐ.பி. கொடுத்துவிட்டார், கடன் தீர்ந்தது" என்று நிம்மதியாக இருந்தவருக்கு எங்கள் நோட்டீஸ் போனது. நொடித்தவருக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை, அது சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவன் நான். அவர் கிளைக்கு வந்து என் மேஜை முன்னால் நின்று, "சார், நான் ஒரு ரூபாய் வாங்கலையே" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? ஜாமீன் என்றால் அதுதான் என்று சொல்லவில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். பிறகு அவர் வீடு கட்டக் கடன் கேட்ட இடத்தில் சிபிலில் ஜாமீன்தாரர் என்ற பெயரில் அந்தக் கடன் நிலுவையாக நின்று, விண்ணப்பம் திரும்பியது.

உங்கள் மச்சானை நினைத்துத்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

ஐ.பி. தொடாதவை இன்னும் இருக்கின்றன. அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடியில் வந்த கடன், ஜீவனாம்சம் இவை விடுதலை உத்தரவு வந்தாலும் போகாது. தண்டல்காரரிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருப்பீர்கள், எல்லோரும் கொடுக்கிறார்கள். அதை நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால் 138 வழக்கு, அது குற்ற வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, காசோலைத் தொகையில் இரு மடங்கு வரை அபராதம். மஞ்சள் கடுதாசியைக் காட்டி அதைத் தடுக்க முடியாது.

விடுதலை உத்தரவும் கையெழுத்துப் போட்டால் கிடைப்பதில்லை. குறித்த காலத்துக்குள் நீங்கள்தான் மனு போட்டுக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் முழு உத்தரவும் ரத்தாகி, கடன்காரர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். உங்கள் சொத்து கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூட இல்லையென்றால், அது உங்கள் தப்பால் ஆனதில்லை என்று காட்ட வேண்டும். கணக்குப் புத்தகம் ஒழுங்காக வைக்காதது, நொடித்துவிட்டது தெரிந்தும் வியாபாரத்தைத் தொடர்ந்து கடன் வாங்கியது, இதெல்லாம் எதிராக நிற்கும். நான் பார்த்த ஐ.பி.க்காரர்களில் பாதிப் பேருக்கு விடுதலை என்று ஒரு கட்டம் இருப்பதே தெரியாது.

இனி சிபில்.

இணையத்தில் "பேங்க்ரப்ட்சி பத்து வருடம் ரிப்போர்ட்டில் இருக்கும்" என்று படித்திருப்பீர்கள். அது அமெரிக்கக் கணக்கு. அங்கே சாப்டர் 7 என்ற வகைத் திவால் பத்து வருடம் நிற்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். நம் ஊர் முறை வேறு. இங்கே கடன் அறிக்கை என்பது கடன் கொடுத்த வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் அனுப்புகிற தகவலால் ஆனது. நீங்கள் சார்பு நீதிமன்றத்தில் ஐ.பி. போட்டீர்களா என்பதை விட, தவணை கட்டினீர்களா என்பதுதான் அதில் தெரியும். ஐ.பி. போடுகிற கட்டத்துக்கு வருகிறவருக்கு அதற்குள் ஸ்கோர் விழுந்து தரையைத் தொட்டிருக்கும். மேற்கொண்டு விழ ஒன்றுமில்லை. எழவும் ஐ.பி. உதவாது.

ஒரு ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று, 36 மாதம். 000 என்றால் அந்த மாதம் பாக்கியில்லை. 030 என்றால் தவணை தவறி 30 நாள். 060, 090 என்று ஏறும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். உங்கள் பர்சனல் லோன் வரிசையில் 000, 000, 000, 027, 058, 089, 119 என்று இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். வங்கிக்காரன் கண் முதலில் ஸ்கோருக்குப் போகாது, இந்த வரிசைக்குத்தான் போகும். கடை மூடியது எந்த மாதம், வேலை கிடைத்தது எந்த மாதம் என்று அவனால் சொல்லிவிட முடியும்.

வரிசைக்கு மேலே ஒரு நிலை எழுதியிருக்கும். முழுதும் கட்டி முடித்தால் "க்ளோஸ்டு". பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் "செட்டில்டு". வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் தள்ளி வைத்தால் "ரிட்டன் ஆஃப்". இந்த மூன்றாவதைத் தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக என்னிடம் வந்தவர்கள் உண்டு. தள்ளுபடி இல்லை, வங்கி தன் கணக்கைச் சுத்தம் செய்துகொண்டது, அவ்வளவுதான். உங்களிடம் வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. வழக்குப் போட்டிருந்தால் அதையும் குறிப்பார்கள்.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். கடன் தகவல் கம்பெனிகள் தகவலைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. குறைந்தது என்பதைக் கவனியுங்கள், ஏழாம் வருடம் தானாக அழிந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் நடைமுறையில் பழைய காயத்துக்குக் கனம் குறைந்துகொண்டே வரும். கணக்கு முடிந்து, புதிதாக வரிசையாக 000 விழத் தொடங்கினால் இரண்டு, மூன்று வருடத்தில் சின்னக் கடனுக்கு ஆள் ஏறெடுத்துப் பார்ப்பார்கள். முடிக்காமல் விட்ட கணக்குதான் ஆளைக் கொல்லும். மூன்று வருடக் காலாவதி முடிந்தால் வழக்குப் போட முடியாதே என்று சிலர் காத்திருக்கிறார்கள். வழக்கு வராமல் போகலாம், நிலுவை ரிப்போர்ட்டில் நிற்கும்.

பாண்டிச்சேரிக்குப் போய் வேறு கிளையில், வேறு விலாசத்தில் கேட்டால் தெரியாது என்று ஒரு நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முள்ளோடை தாண்டினால் பெட்ரோல் விலை மாறும். பான் நம்பர் மாறாது.

சரி, என்ன செய்யலாம்? எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கட்டுவது மனசுக்கு நியாயமாகப் படும், கணக்குக்கு அது மோசம். எல்லாக் கணக்கும் 090-இலேயே நிற்கும், ஒன்றும் முடியாது. வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கடன் தவணை முதலில், தவறாமல். நகைக் கடனை ஏலம் வரை விடாதீர்கள். தங்கம் இன்று விற்கிற விலைக்கு, அதில் ஒரு உருப்படியை நீங்களே மீட்டு விற்றால் கடன் போக மிச்சம் கைக்கு வரும், ஏலத்தில் அந்த அளவுக்கு வராது. மனைவியிடம் பேசுவது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். அந்த மிச்சத்தைக் கார்டில் போடாதீர்கள், மச்சான் ஜாமீன் போட்ட கடனில் போடுங்கள். அந்த ஃபைனான்ஸ் கம்பெனிக்கு நேரில் போய், கடையை மூடிய விவரம், இப்போதைய சம்பளச் சீட்டு இரண்டையும் வைத்து, தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் பிறகு சாட்சி இருக்காது. முத்திரை போட்ட ஒப்புகை வாங்குங்கள்.

கார்டும் பர்சனல் லோனும் ஈடில்லாத கடன்கள். இவற்றில்தான் செட்டில்மென்டுக்கு இடமிருக்கிறது. மார்ச் மாதக் கடைசியில் கிளைகள் கணக்கு முடிக்கிற அவசரத்தில் இருக்கும்போது பேரம் இறங்கும், நானே இறங்கியிருக்கிறேன். வருடத்தில் சில முறை நடக்கிற லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்திலும் இப்படி முடிக்கலாம். அங்கே எழுதப்படும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, இரு பக்கமும் கட்டுப்பட்டது. ஆனால் செட்டில்டு என்று விழுந்தால் அது ஒரு தழும்பு, அதைத் தெரிந்தே செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் உத்தரவுப்படி, அப்படிக் குறைத்து முடித்துக்கொண்டவருக்கு அந்த நிறுவனம் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தரக் கூடாது, விவசாயக் கடன் மட்டும் விதிவிலக்கு. பிறகு கையில் காசு சேர்ந்தால் விட்டுக்கொடுத்த தொகையையும் கட்டி, செட்டில்டை க்ளோஸ்டாக மாற்றச் சொல்லிக் கேட்கலாம். என் எண்ணம்: கார்டு இரண்டையும் முழுதாக முடியுங்கள், தொகை சின்னது. பர்சனல் லோனுக்கு மட்டும் பேரம் பேசுங்கள். எதை முடித்தாலும் பாக்கி இல்லை என்று சொல்லும் நோ டியூஸ் கடிதம் வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.

தண்டல்காரருக்கு வாங்கிய அசல், இதுவரை கொடுத்தது எல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் அசலைத் தாண்டிக் கொடுத்திருப்பீர்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராக 2003-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. புகார் என்று கிளம்புவதற்கு முன்னால் அந்த நோட்டோடு, தெருவில் அவருக்கும் மதிப்புள்ள ஒருவரை வைத்துப் பேசி, காசோலையைத் திரும்ப வாங்கப் பாருங்கள். மிரட்டினால் போலீஸ்தான்.

வழக்குப் போட்டுச் சம்பளத்தில் கை வைப்பார்களே என்ற பயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. வைப்பார்கள், ஆனால் அளவு உண்டு. கடன் வழக்கில் கோர்ட் தரும் டிக்ரியில் (தீர்ப்பாணையில்) சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. உங்கள் 28,000-க்குக் கணக்குப் போட்டால் 1,000 போக 27,000, அதில் 18,000 உங்களுக்கு. ஆக 19,000 பத்திரம், 9,000 மட்டும் ஜப்தியாகலாம். அதுவும் ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்த பிறகு அந்த டிக்ரிக்கு மேலும் பிடிக்க முடியாது. பி.எஃப். பணத்தைத் தொட முடியாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் செய்கிறவரின் கருவி இவையும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. உங்கள் மனைவியின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவேன் என்று யாராவது சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம். தாலி போல, வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையையும் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது.

ஜெயிலுக்குப் போவோமா? கடன் கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் சிவில் சிறையில் போட முடியாது, கட்ட வசதியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமலிருந்தால்தான் என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே சொல்லிவிட்டது. பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் தேதி, நேரம், நம்பர் குறித்து முதலில் வங்கிக்கு எழுதுங்கள், முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்குப் போங்கள். செலவு இல்லை.

பெண்ணின் படிப்புக்கு வருகிறேன். படிப்புக் கடனில் மாணவி கடன்தாரர், பெற்றோர் இணைக் கடன்தாரர். வங்கி அப்பாவின் சிபிலைப் பார்க்கும், உங்கள் பெயரைப் போட்டால் முகம் சுளிக்கும். உங்கள் மனைவி பெயரில் கடன் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் அவரை இணைக் கடன்தாரராக வையுங்கள். மகளிர் குழுவில் கடன் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் பதிவாகும். ஏழரை லட்சம் வரை ஈடும் மூன்றாம் ஆள் ஜாமீனும் இல்லாமல் தர வழி இருக்கிறது, வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பியுங்கள். ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் படிப்புக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. இங்குள்ள கிளை மேலாளரை அது கட்டுப்படுத்தாது, ஆனால் மறுப்பை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கும்போது குறிப்பிட நன்றாக இருக்கும். இன்னொன்று, அவள் நாளைக்கு வங்கித் தேர்வு எழுதுவாளானால் அவளுடைய கடன் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும். ஸ்டேட் வங்கி ஒருவருக்குக் கொடுத்த வேலையை மோசமான சிபில் காரணமாக ரத்துசெய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் சரியென்று ஏற்றது. படிப்புக் கடன் தவணையைப் பிறகு அவள் விளையாட்டாக விடக் கூடாது.

திரும்ப எழுவதற்கு அதிசயம் எதுவும் தேவையில்லை. கணக்குகள் முடிந்த பிறகு 15,000 ரூபாய்க்கு ஒரு எஃப்.டி. போட்டு அதன் மேல் ஒரு கார்டு கேளுங்கள், கெட்ட ஸ்கோருக்கும் தருவார்கள். மாதம் இரண்டாயிரத்துக்குள் மளிகைக்குத் தேய்த்து, முழுத் தொகையையும் நாள் தவறாமல் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் போட்டிருப்பதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கடன் கேட்டு விண்ணப்பம் போடாதீர்கள், ஒவ்வொன்றும் பதிவாகும்.

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சுவரில் "சிபில் ஸ்கோர் உடனே சரி செய்து தரப்படும்" என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சரியான தகவலை யாராலும் அழிக்க முடியாது. தப்பான தகவலைத் திருத்த நீங்களே எழுதினால் போதும், காசு கிடையாது. எனக்கே ஒருமுறை, முடித்து இரண்டு வருடமான நகைக் கடன் நிலுவை என்று நின்றது. வங்கியில் வேலை பார்த்தவனுக்கே இந்தக் கதி. ரசீது நகலோடு எழுதினேன், சரியானது. இப்போது விதி இன்னும் கடுமை: புகார் 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், கட்டி முடித்த கணக்கு மாதக் கணக்கில் பழைய நிலையிலேயே நிற்க வேண்டிய காரணமும் இல்லை.

ஐ.பி. யாருக்குத்தான் பொருந்தும் என்றால், சொத்து என்று எதுவும் இல்லாமல், ஜாமீன் போட்டவர் யாரும் இல்லாமல், பல பேர் டிக்ரி வாங்கிக் கைது வாரண்டு வரை வந்துவிட்டவருக்கு. கணக்கு ஒழுங்காக வைத்திருந்து, எதையும் ஒளிக்காதவருக்கு. அவருக்கு அது நிஜமாகவே மூச்சு விட இடம் தரும். உங்களிடம் வீடு இருக்கிறது, மச்சான் இருக்கிறார், மாதம் 34,000 வருகிறது.

முதல் வேலையாக ரிப்போர்ட்டை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற கடன் தகவல் கம்பெனிகள் நான்கும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். மச்சானையும் அவருடையதை எடுக்கச் சொல்லுங்கள், அவர் பெயரில் ஜாமீன் கடன் எத்தனை நாள் நிலுவை என்று காட்டுகிறது பார்க்க வேண்டும். கடையின் கடைசி இரண்டு வருடக் கணக்கு நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். கட்டங்களில் உள்ள எண்களை அப்படியே எழுதி அனுப்பினால், பர்சனல் லோனுக்கு என்ன தொகையில் பேச்சைத் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.